நாலாம் நம்பர் பேடு

குளியலறைக்குள் குந்தி உட்கார்ந்து, நல்ல தண்ணீர் வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு, மஞ்சள் நிறப் பஞ்சு வட்டம் ஒன்றைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதமாக அலசிக்கொண்டிருந்தார் அந்தோணிராஜ். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவர் கையும் நின்றது.

"உள்ள என்ன பண்றீக?" என்றாள் கிளாரா.

"குளிக்கிறேன்."

"குளிக்கிறதுக்குத் தொட்டி நெறைய உப்புத்தண்ணி கெடக்கு. கொடத்துல நல்ல தண்ணி எப்படி நாலு விரக்கடை கொறைஞ்சுச்சு?"

வசமாக மாட்டிக்கொண்டார் மனிதர். அந்தத் தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அடுத்து எப்போது வரும் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தது ஏழு குடம். ஏழிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது கிளாராவுக்கு மனப்பாடம். தன்னுடைய கல்யாண நாளைக்கூட அவள் அத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருந்ததில்லை.

அந்தோணிராஜ் பஞ்சு வட்டத்தைச் சட்டென்று கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார். கைலியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கணுக்காலுக்கு இறங்கியது. கிளாரா அதைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்றில் முகம்தான் ரொம்ப மோசமாக இருந்தது.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவருக்குப் பொய் சொல்ல வந்ததே இல்லை. அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ, முழுசாக ஒன்று வந்தது.

"டாக்டர் சொல்லியிருக்காரு. கை விரலு மரத்துப் போகுதுல்ல, அதுக்கு. ஸ்பாஞ்சைத் தண்ணிக்குள்ள வச்சுப் பிழியணுமாம். உப்புத்தண்ணி ஆகாதாம்."

கிளாராவின் முகம் இளகிவிட்டது. இரண்டு வருஷமாக அவருடைய வலது கையில் மூன்று விரல் மரத்துப் போவதும், காலையில் சட்டைப் பித்தானைக்கூட அவளே போட்டுவிட வேண்டியிருப்பதும் அவளுக்குத் தெரியாதா என்ன. அந்தக் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்து, இதை முதலிலேயே சொன்னால் என்ன என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அந்தோணிராஜ் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பார். தடவிக் கொடுத்ததில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

விஷயம் இதுதான். பழனி ரோட்டில் ரஃபி பாயின் கார் பாலிஷ் கடையில் பதினோரு வருஷமாக மிஷின் பிடிக்கிறார் அந்தோணிராஜ். கார் பாலிஷ் என்றால் கையால் துடைப்பது இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான பஞ்சு பேடு ஒன்றை மிஷினின் முகத்தில் ஒட்டி, அதில் கிரீம் மாதிரி ஒரு மருந்தைத் தடவி, கிர்ரென்று சுற்றவிட்டுக் காரின் மேல் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க அந்த மிஷின் நடுங்கும், பிடித்திருக்கிற கையும் நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் விரல் மரத்துப் போனது. இந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பாருமய்யா என்று டாக்டர் நிஜமாகவே சொல்லியிருந்தார். பதினோரு வருஷத்தில் அந்தோணிராஜ் அந்தக் கடையில் உட்கார்ந்ததே கிடையாது.

இந்த நேரத்தில்தான் ரஃபி பாய் செம்பட்டியில் ஒரு கடை பிடித்தார். பிடித்தார் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. போர்டு ஏறுவதற்கு முன்னால் புதுக் கடையைப் பற்றி வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்பது பாயின் நம்பிக்கை. கூட இருப்பவர்களுக்கும் அதே நம்பிக்கைதான், கேட்க மாட்டார்கள். முதல் தேதியன்று அவர் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெயர் எதுவும் அச்சடிக்காத வெறும் பெட்டி. ஒவ்வொன்றிலும் நாலு பேடு. ஒரு பெட்டி அந்தோணிராஜுக்கு, இன்னொன்று கூட வேலை பார்க்கும் ஒச்சப்பனுக்கு.

பேடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, ஆளுக்கு ஓர் அட்டையும் கொடுத்தார். எந்தக் காரை எந்தப் பேடால் தேய்த்தோமோ, அந்த நம்பருக்கு நேரே ஒரு கோடு இழுக்க வேண்டும்.

"முப்பதாம் தேதி பேடையும் அட்டையையும் பாப்பேன். பாத்துட்டு, செம்பட்டிக் கடையை யார் பொறுப்புல விடுறதுன்னு சொல்றேன்" என்றார் ரஃபி பாய்.

பொறுப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்தோணிராஜின் கண்முன்னே வந்து நின்றது ஒரு நாற்காலி. கைப்பிடி வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்து, வேறு யாராவது மிஷின் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. கிளாராவிடம் சொன்னபோது அவள் கண்முன்னே வந்து நின்றது ஒரு கிணறு. செம்பட்டியில் அவளுடைய சின்னம்மா மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. கொல்லைப்புறத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஜெபத்தில் அவள் கிணறு வேண்டும் என்றும், அவர் நாற்காலி வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். பேடு விஷயத்தை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. பஞ்சைப் பார்த்துப் பொறுப்புக் கொடுக்கிறார்களா என்று சிரிப்பாள் என்று ஒரு பயம்.

ஒச்சப்பன் விஷயத்தில் அவருக்குப் பயமே இல்லை. அவன் மிஷினைப் பிடித்தால் காரோடு சண்டைக்குப் போகிறவன் மாதிரி அழுத்துவான். நம்பர் பிளேட் முனை, கதவுக் கைப்பிடி எதையும் பார்க்க மாட்டான். ஒரு பேடு ஆறேழு காருக்கு மேல் தாங்காது. வேலை முடிந்தால் மருந்தோடு அப்படியே மூலையில் எறிந்துவிட்டு டீக் குடிக்கப் போய்விடுவான். மறுநாள் அது கருவாடாகக் கிடக்கும்.

அந்தோணிராஜ் அப்படி இல்லை. அழுத்த மாட்டார், பாதிக் கதவு தேய்த்ததுமே பேடுக்குப் பிரஷ் போட்டு ஒட்டிய மருந்தை உதறிவிடுவார். ஒவ்வொரு காருக்கும் பிறகு பேடைக் கழுவுவார். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. கடையில் இருப்பது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. கழுவிக் காயவைத்த பேடு விறைத்து, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதை அப்படியே மாட்டி ஒரு கறுப்புக் காரின் பானெட்டில் ஓட்டியதும், எறும்பு ஊர்ந்த மாதிரி முழுக்கக் கீறல். கார்க்காரர் வருவதற்கு முன்னால் அதை மறுபடி தேய்த்து எடுப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. உப்பு ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று முடிவு செய்து, அன்றிலிருந்து பேடுகளைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அதில்தான் கையும் களவுமாகப் பிடிபட்டு, டாக்டர் பேரில் பொய்யும் சொல்லியாயிற்று.

மறுநாள் விடியும்போதே கிளாரா ஒரு அண்டாவோடு நின்றாள். வீட்டுச் சொந்தக்காரி, மாடியில் இருக்கும் இஞ்ஞாசியம்மாளிடம் யோசனை கேட்டாளாம். பச்சைத் தண்ணீரில் பிழிந்தால் நரம்பு இன்னும் இறுகிவிடும், வெந்நீரில் நொச்சி இலை போட்டுப் பிழிந்தால்தான் இளகும் என்று அந்தம்மாள் சொல்லிவிட்டதாம். அண்டாவில் நல்ல தண்ணீர் கொதித்து, நொச்சி இலை மிதந்து, பச்சையாக ஆவி பறந்தது. அரைக் குடம் தண்ணீர் இருக்கும். கிளாரா அரைக் குடம் நல்ல தண்ணீரை ஒருவருக்காகச் செலவழிக்கிறாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட பிரியம் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஒரு கைக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. நூறு தடவ. நான் எண்ணுறேன்" என்றாள்.

வெந்நீர் பேடுக்கு ஆகவே ஆகாது. மிஷினில் ஒட்டுவதற்காகப் பேடின் முதுகில் வைத்திருக்கிற துணியின் பசை இளகிவிடும். பிழியவும் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக அமுக்கித் தண்ணீரை வடிக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் எப்படிச் சொல்வது? ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டுப் பிழிந்தார். அவர் ஒப்புக்குப் பிழிவதைப் பார்த்து, இப்படிச் செய்தால் எப்படிக் குணமாகும் என்று கிளாராவே அவர் கைமேல் தன் கையை வைத்து, போர்வையை முறுக்குகிற முறுக்கு முறுக்கினாள். எழுபத்தி மூன்றாவது தடவையில் இரண்டு பேடின் முதுகும் கழன்று தனியாக வந்து மிதந்தன.

"அழுக்கெல்லாம் வருது பாருங்க" என்றாள் கிளாரா, சந்தோஷமாக.

கடைக்குப் போகிற வழியில் பெட்டிக் கடையில் நொடியில் ஒட்டுகிற பசை ஒன்றை வாங்கி இரண்டு முதுகையும் ஒட்டினார். நொடியில்தான் ஒட்டியது. ஆனால் காய்ந்ததும் கல்லாகிவிட்டது. ஒன்றாம் நம்பரை மாட்டி மிஷினைத் தட்டியதும், முதுகு மட்டும் மிஷினில் நிற்க, பஞ்சு பிய்த்துக்கொண்டு, தூசுக்காகக் கட்டியிருந்த திரைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஏதோ கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒச்சப்பன் சட்டையெல்லாம் டீயோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ண்ணே, இது உங்களுதா?" என்று பேடை நீட்டினான். கோபமே இல்லை அவனுக்கு. அதுதான் அந்தோணிராஜுக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. பாயிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். எதற்காகச் சொல்லப் போகிறேன் என்று அவன் போய்விட்டான்.

மத்தியானம் பேகம்பூருக்கு ஓடினார். அங்கே தோல் செருப்புத் தைக்கிற மீரான் அவருக்குப் பழக்கம். செருப்புக்குப் போடுகிற பசையை மீரான் கல்லாகிப்போன இடத்தைச் சுரண்டிவிட்டுப் பக்குவமாகத் தடவி ஒட்டிக் கொடுத்தார். ஒருநாள் முழுக்க நிழலில் காற்றாட வைக்க வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி பறக்கும் என்றார். கூலி எதுவும் வாங்கவில்லை. பதினோரு வருஷத் தொழில்காரர் பஞ்சை வைத்துக்கொண்டு கண் கலங்குவதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

காற்றாட வைக்க வீட்டில் இடம் மொட்டை மாடிதான். மூன்றாம் நம்பரையும் அலசி, மூன்றையும் தண்ணீர் டேங்க் நிழலில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டுதான் இருந்தன.

டேங்கைச் சுற்றி வந்தார். கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஓட்டின்மேல், கீழே சாக்கடையில், முருங்கை மரத்தில் என்று தேடாத இடமில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. நாற்காலியின் ஒரு கால் உடைந்து விழுகிற மாதிரி கனவு வந்தது. மறுநாள் மாடி வீட்டுக்கு வாடகை ரசீதுப் புத்தகம் கொடுக்கப் போனபோது, இஞ்ஞாசியம்மாள் செத்த நேரம் உட்காரச் சொல்லி மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பானைக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வாயில் இருந்த தண்ணீரை விழுங்க மறந்துபோனார் அந்தோணிராஜ். மூன்றாம் நம்பர் பேடு பிரிமணையாக உட்கார்ந்திருந்தது.

"பானை ஆடிக்கிட்டே கெடந்துச்சு. மாடியில காத்துல வந்து விழுந்துருக்கு. அளவெடுத்தாப்புல அம்புட்டு வாட்டமா இருக்கு" என்றார் இஞ்ஞாசியம்மாள். மாதாவே கொடுத்தது என்றும் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாதா கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? கேட்டால் கிளாராவுக்கு விஷயம் போகும். அடுத்த நாள் சந்தைப்பேட்டையில் நல்ல கயிற்றுப் பிரிமணையாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அந்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. குடியிருக்கிறவர்களில் இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் இன்னொரு பானைக்கு வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பானையைக் கழுவித் தருகிறேன் என்று தானாகப் போய் நின்று, தூக்குகிற சாக்கில் பேடை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய துணியைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினார். நாலு நாள் நிறைபானையின் கனத்தில் பேடு அப்பளமாகியிருந்தது. எத்தனை தடவை அமுக்கி விட்டாலும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத் தேதி பதினைந்து. ஒன்றும் இரண்டும் செருப்பு வாசனையோடு கோணிக்கொண்டு சுற்றின, மிஷின் முன்னைவிட இரண்டு மடங்கு நடுங்கியது. மூன்றாம் நம்பர் அப்பளம். பெட்டியில் புத்தம் புதிதாக மிச்சம் இருந்தது நாலாம் நம்பர் ஒன்றுதான். அதையும் மாட்டினால், பதினைந்து நாளில் அதுவும் தேய்ந்துவிடும். முப்பதாம் தேதி பாய் முன்னால் நாலு குப்பையை வைத்துவிட்டு நாற்காலி கேட்க முடியுமா?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

பாலிஷ் போடுகிற இடத்தைச் சுற்றித் தூசு வராமல் திரை போட்டிருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தோணிராஜ் மிஷினைத் தட்டிவிட்டு, இடது கையில் சும்மா காற்றில் பிடித்துக்கொண்டார். வலது கையில் கிளாராவின் பழைய நூல் சேலைக் கிழிசலைச் சுருட்டி, மருந்தைத் தொட்டு, காரைத் தேய்த்தார். கையாலேயே. பானெட், கூரை, நாலு கதவு, டிக்கி. மிஷினில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அஞ்சு மணி நேரம் ஆனது. மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்தார். முடிந்ததும் அட்டையை எடுத்து, நாலாம் நம்பருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். கோடு இழுக்கும்போது நெஞ்சு உறுத்தியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் முப்பதாம் தேதிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

தினமும் சாயங்காலம் நாலாம் நம்பரில் லேசாக மருந்தைப் பூசி, நல்ல தண்ணீரில் அலசி, பயன்படுத்திய பேடு மாதிரி ஆக்கி வைத்தார். கோடு ஏறிக்கொண்டே போனது. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. கையால் தேய்த்ததில் கார்கள் எல்லாம் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னின. வண்டி எடுக்க வந்தவர்கள் பாயிடம் போய்ப் புகழ்ந்தார்கள். பாய் வந்து பேடை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் போகும் வரைக்கும் அந்தோணிராஜ் மூச்சு விட மாட்டார். ஒச்சப்பனுடைய நாலு பேடும் அதற்குள் செத்துப்போய்விட்டன. அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

கைதான் போய்விட்டது. மூன்று விரல் மரத்தது போக, இப்போது தோள்பட்டை வரைக்கும் தூக்க முடியவில்லை. சாப்பாட்டைக் குனிந்து தட்டில் வாய் வைத்துச் சாப்பிடப் பார்த்தார். கிளாராவுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பயிற்சி சரியில்லை, வேறு சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காக அவரிடம் சொல்லாமலே டாக்டரைப் பார்க்கப் போனாள்.

திரும்பி வந்தவள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஸ்பாஞ்சுன்னா என்னன்னு டாக்டர் என்னையவே கேக்குறாரு" என்றாள்.

அந்தோணிராஜ் திருதிருவென்று விழித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உப்புத்தண்ணீர், நொச்சி, செருப்புப் பசை, பிரிமணை, சேலைக் கிழிசல், கோடு, ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டார். பாயிடம் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாற்காலியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார்.

கிளாரா மூலையில் இருந்த ஏழு குடத்தையும் பார்த்தாள். நாலு காலி.

"இன்னும் எத்தனை நாளு இருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு."

"தைலம் தேச்சு விடுறேன். காலையில வெள்ளன எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

முப்பதாம் தேதி வந்தது. கடை மேஜையில் இரண்டு பெட்டியையும் பிரித்து வைத்தார்கள். ரஃபி பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை நர்கீஸ். கடையில் போன் எடுப்பது, பில் போடுவது எல்லாம் அந்தப் பெண்தான். ஒச்சப்பனின் பேடுகளைப் பாய் விரல் நுனியால் ஒதுக்கினார். ஆறு கோடு, ஏழு கோடு, ஆறு, அஞ்சு. பிறகு அந்தோணிராஜின் ஒன்றாம் நம்பரை எடுத்து மோந்து பார்த்தார். பாய் அதைக் கீழே வைத்துவிட்டு நாலாம் நம்பரை எடுத்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். அமுக்கினார், விட்டார், அது புசுக்கென்று எழுந்தது.

"பதினெட்டு காரு" என்றார் பாய், மெதுவாக. "பதினெட்டு காருக்கு அப்புறம் இப்படியா?"

உண்மையைச் சொல்வதற்கு அது நல்ல இடம். அந்தோணிராஜ் வாயைத் திறக்கவும் செய்தார். வாயிலிருந்து வந்தது வேறு. அழுத்தக் கூடாது பாய், மிஷினே தன் கனத்தில் ஓடட்டும். மருந்து காயுறதுக்குள்ள பிரஷ் போடணும். வெந்நீர் காட்டவே கூடாது, பிழியவே கூடாது, மூடி போட்ட டப்பாவுல தூசி படாம வைக்கணும். அத்தனையும் நிஜம். அத்தனையும் பட்டுத் தெரிந்துகொண்டது. சொல்லச் சொல்ல நர்கீஸ் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள்.

பாய் எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் அந்தோணிராஜ், நர்கீஸ் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ். செம்பட்டி உன் பொறுப்பு அந்தோணி" என்றார் பாய். "நீயும் வீட்டுக்காரம்மாவும் அங்கேயே குடி வந்துருங்க."

ஒச்சப்பன்தான் முதலில் கை தட்டினான். பழனி ரோட்டுக் கடை முழுக்க இனிமேல் அவன் கையில் என்றார் பாய். அந்தோணிராஜுக்கு யார் எதைப் பார்த்துக்கொண்டால் என்ன? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன மனிதர், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மருந்து வாசனை இல்லாமல் கிளாரா முன்னால் நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஏழு குடத்தையும் கவிழ்த்து வைத்தார்கள். மறு வாரம் செம்பட்டி வீட்டில் சாமான் இறங்கியது. கிளாரா முதல் வேலையாகக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் ஊற்றிப் பார்த்து, மிச்சத்தைச் சும்மா தரையில் கொட்டினாள். அப்படிக் கொட்டுவதில் என்ன சுகம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

கடை திறப்பு வெள்ளிக்கிழமை. போர்டு இன்னும் துணி போட்டு மூடியே இருந்தது. சாம்பிராணிப் புகை, ரோஜா மாலை, ஒரு தாம்பாளத்தில் பேரீச்சம்பழம். ரஃபி பாய் ஷட்டரைத் தூக்கி, பிஸ்மில்லா சொல்லி, உள்ளே போகச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த அந்தோணிராஜ் வலது காலை எடுத்து வைத்தார்.

மேஜை இருந்தது. நாற்காலியும் இருந்தது. கைப்பிடி வைத்தது, சுற்றுகிற நாற்காலி. பாய் அவரைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். கிளாரா வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாய் வந்தவர்களைக் கவனிக்க வெளியே போனார்.

கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தபோதுதான் அவருக்கு ஏதோ இடித்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் மூன்று சுவரிலும் அட்டைப் பெட்டி. நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்துகிற இடம்கூட இல்லை. திரை இல்லை, மிஷின் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. பேரீச்சம்பழத் தாம்பாளத்தோடு உள்ளே வந்த நர்கீஸிடம், காரையெல்லாம் எங்கேம்மா நிறுத்துறது என்று கேட்டார்.

நர்கீஸ் தாம்பாளத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். அதில் கை குலுக்கிய அன்றைக்கு அவர் சிரித்த போட்டோ இருந்தது.

"இங்க காரு எதுக்குண்ணே வருது? பேடு விக்கிற கடையில்ல இது. உங்க அட்டையைப் பாத்துத்தான் அண்ணன் அம்புட்டையும் எறக்கினாரு, ஒரு பேடுக்குப் பதினெட்டு காரு கேரண்டி, அதுக்குள்ள கிழிஞ்சா நேரா வந்து கேக்குறதுக்கு உங்க படமும் போன் நம்பரும் போட்டு, கூடவே நீங்க இப்பக் குடி வந்திருக்கிற வீட்டு அட்ரஸையும் அடிச்சு விட்டாச்சு."